சுல்தானாவின் கனவும் சில கேள்விகளும்

ஆசியப் பெண்கள் எழுதும் அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேண்டஸி) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

எஸ்.கே., மதுரை: பெண்களுக்கு ஏன் விஞ்ஞானக் கதை வருவதில்லை அம்மா?

வருகிறது, உங்கள் அலமாரிக்குத்தான் வந்து சேரவில்லை. வங்கத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் அச்சேறியது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில்.

பானு, கோவை: ரொக்கேயா பள்ளிக்கே போகவில்லையாமே?

ஆமாம். அண்ணன் இரவு நேரத்தில் வீட்டாருக்குத் தெரியாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். திருமணத்துக்குப் பிறகு, கணவர் வெளியூர் போயிருந்தபோது பொழுது போவதற்காக எழுதியது இந்தக் கதை. திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லாமல் முழுவதையும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்" என்றாராம்.

ரா.மு., சேலம்: அது வெறும் பகடிதானே? அறிவியல் ஒப்புக்கு வருகிறது.

இந்த ஒதுக்கல்தான் பெண்கள் தாண்ட வேண்டிய முதல் வேலி. ஆண் எழுதினால் விஞ்ஞானம். பெண் எழுதினால் பகடி, குழந்தைக் கதை, குடும்பக் கதை.

கதையைப் பாருங்கள். சுல்தானா கனவில் காணும் நாட்டில் பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று பலூனை மேலே நிறுத்தி மேகத்திலிருந்தே குழாய்வழி நீரை இறக்குகிறது. மற்றது சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படைபலம் பெருக்குவதிலேயே குறியாக இருந்த ஆண் அதிகாரிகள் இதைக் கேலி செய்கிறார்கள். பிறகு அவர்களுடைய படை தோற்று, எதிரி நெருங்குகிறான். ஆண்கள் அந்தப்புரத்துக்குள் போகிறார்கள். பெண்கள் வெளியே வந்து, சேர்த்து வைத்த வெப்பத்தை எதிரிமீது திருப்பி விரட்டுகிறார்கள். கண்டுபிடிப்பை எடுத்துவிட்டால் அங்கே கதையே நடக்காது. இதுவா ஒப்புக்கு?

பகடியும் உண்டுதான். ஆண்களின் ஏழு மணி நேர அலுவலகத்தில் ஆறு மணி சுருட்டுக்கே போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பகடி இருந்தால் அறிவியல் வெளியேற வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ரா.மு. மீண்டும்: அந்தக் கதையில் வரும் பறக்கும் வண்டிக்கு விளக்கம் போதாதே?

இரண்டு ஹைட்ரஜன் பந்துகளும் மின்சார இறக்கைகளும் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் தன் கதையில் மூன்று பேரைப் பீரங்கியில் வைத்து நிலவுக்குச் சுட்டார். நிஜத்தில் அந்த உந்தலிலேயே நசுங்கியிருப்பார்கள். அவரிடம் போய் விளக்கம் கேட்டீர்களா?

தேவி, சிங்கப்பூர்: இன்று யாரைப் படிக்கலாம் அக்கா?

சீனத்தின் ஹாவ் ஜிங்ஃபாங்கிலிருந்து தொடங்குங்கள். இயற்பியல் படித்துப் பொருளாதாரத்துக்குப் போனவர். பெய்ஜிங் நகரமே மடிந்து மடிந்து, மூன்று வர்க்கத்தாருக்கு முறைவைத்து வெளிச்சம் தரும் கதைக்கு 2016-இல், அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது பெற்றார். கொரியாவின் போரா சுங் 2022-இல் சர்வதேச புக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார். முதலாமவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் கென் லியு, இரண்டாமவரை ஆன்டன் ஹர். அட்டையிலோ உள்பக்கத்திலோ மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள்.

விருதும் எளிதில்லை. 2023 ஹ்யூகோ விருதுகள் சீனாவின் செங்டுவில் நடந்தபோது, சீன-அமெரிக்க எழுத்தாளர் ஆர்.எஃப். குவாங்கின் நாவல் 'தகுதியற்றது' என்று காரணம் சொல்லாமலே நீக்கப்பட்டது.

முரளி, ஈரோடு: தமிழில் சுஜாதா என்ற பெண் எழுதியிருக்கிறாரே?

அது எழுத்தாளர் ரங்கராஜன் புனைபெயராக வைத்துக்கொண்ட அவர் மனைவி பெயர். தமிழ் விஞ்ஞானக் கதையின் பிதாமகனாக நாம் கொண்டாடும் பெண் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஆண். நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், திருச்சி: பெண்களால் ஏன் விஞ்ஞானக் கதை எழுத முடிவதில்லை?

முதல் பதில்.

கவிதா, வேலூர்: பெண்களுக்கு இயல்பிலேயே விஞ்ஞானத்தில் ஆர்வம்...

முதல் பதில், அம்மா. பிறகு ஹாவ் ஜிங்ஃபாங் படித்த பாடத்தையும் பாருங்கள்.

ஆனந்தி, நாகர்கோவில்: என் கிரகக் கதைகளைச் 'சிறுவர் கதைகள்' என்று போடலாம் என்கிறார் பதிப்பாளர். சம்மதிக்கலாமா அக்கா?

சிறுவருக்காக எழுதியிருந்தால் தாராளமாக. இல்லையென்றால் வேண்டாம். அந்த ஒரு சொல்லால் கடையில் உங்கள் புத்தகம் வேறு அடுக்குக்குப் போய்விடும். மதிப்புரை எழுதுபவர் அந்தப் பக்கம் வரமாட்டார். ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் வரவேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள்.