எக்ஸ்-கதிர் லேசரில் நானோ படம்: கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்-கதிர் லேசர் பட்டதும், படம் எடுக்க வைத்த மாதிரிப் பொருளே ஆவியாகிவிடும் என்கிறார்கள். அழிந்துபோனதை எப்படிப் படம் எடுப்பது?

பதில்: அழிவதற்குள் எடுத்துவிடுவதுதான் வித்தை. லேசர் துடிப்பு ஒவ்வொன்றும் சில பத்து ஃபெம்டோநொடிதான் நீடிக்கும். (நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு ஃபெம்டோநொடி.) ஒரு ஃபெம்டோநொடியில் ஒளியே 0.3 மைக்ரோமீட்டர்தான் போகும். துடிப்பு பட்டவுடன் எலெக்ட்ரான்கள் பிய்ந்து பறக்கும். ஆனால் அணுக்கருக்கள் கனமானவை, இடம்விட்டு நகர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சிதறிய கதிர்கள் உணரியை நோக்கிக் கிளம்பிவிடும்.

2000-இல் இதைக் கணினியில் கணித்துச் சொன்னார்கள். 2006-இல் ஹென்றி சாப்மன் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள ஃபிளாஷ் என்ற லேசரில் செய்து காட்டியது. சிலிக்கன் நைட்ரைடு சவ்வில் வெட்டிய நுண்ணிய உருவத்தின் மீது 25 ஃபெம்டோநொடித் துடிப்பு ஒன்றைப் பாய்ச்சினார்கள், உருவம் பதிவானது. அடுத்த துடிப்புக்கு அங்கே ஓட்டைதான் மிச்சம்! (அலைநீளம் 32 நானோமீட்டர். கறாராகப் பார்த்தால் அது எக்ஸ்-கதிரே அல்ல, அதீதப் புற ஊதா.)

கேள்வி: லென்ஸ் வைத்து நேராகவே படம் எடுக்கலாமே?

பதில்: எக்ஸ்-கதிர் எந்தப் பொருளிலும் மிகக் கொஞ்சமே வளையும். கதிரைக் குவிக்க மண்டலத் தகடுகள் என்ற நுண்ணிய வளையங்கள் கொண்ட தகடுகள் உண்டு, ஆனால் அவற்றின் வெளி வளையம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுதான் நுணுக்கம் கிடைக்கும். அதனால் லென்ஸையே விட்டுவிட்டு, விளிம்பு விளைவால், அதாவது மாதிரியில் பட்ட அலைகள் வளைந்து பரவி ஒன்றோடொன்று கலப்பதால், விழும் புள்ளிக் கோலத்தைப் பதிவு செய்கிறார்கள்.

சிக்கல் இனிமேல்தான். உணரி செறிவை மட்டுமே அளக்கும். அலையின் கட்டம், அதாவது முகடும் பள்ளமும் எங்கே விழுகின்றன என்ற விவரம், தொலைந்துபோகும். கட்டம் இல்லாமல் கோலத்தை உருவமாகத் திருப்ப முடியாது. இதற்கு வழி, கோலத்தைப் போதிய நெருக்கமான புள்ளிகளில் அளப்பது. பிறகு கணினி ஏதோ ஒரு கட்டத்தை ஊகித்து உருவத்தைப் போட்டுப் பார்க்கும். மாதிரிக்கு வெளியே வெறுமைதானே இருக்க வேண்டும்? அங்கே ஏதாவது தெரிந்தால் அதை அடக்கிவிட்டு, மறுபடி கோலத்துக்குத் திரும்பி, அளந்த செறிவைப் பொருத்தும். இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள். டேவிட் சேயர் 1952-இல் விதைத்த எண்ணம் இது; ஜியான்வெய் மியாவ் குழு 1999-இல் எக்ஸ்-கதிரில் நடத்திக் காட்டியது. ஆகவே நீங்கள் பார்க்கும் படம் கணக்குப் போட்டு எடுத்த விடை. நிறங்களும் பூசியவையே.

கேள்வி: எலெக்ட்ரான் நுண்ணோக்கி போதாதா?

பதில்: நுணுக்கம் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகப் போதும், அதுதான் ஜெயிக்கும். தடித்த மாதிரியும் அதிவேக நிகழ்வும் சேரும்போதுதான் இந்த லேசரைத் தேட வேண்டும்.

கேள்வி: ஒரே துடிப்பில் மாதிரி போய்விட்டால் அசைவை எப்படிப் பார்ப்பது?

பதில்: எப்போதும் போய்விடுவதில்லை. 2013-இல் அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்-கதிர் லேசரில், சில நூறு நானோமீட்டர் அளவுள்ள தங்கப் படிகத்தைச் சாதாரண லேசரால் தட்டி, எத்தனை பிக்கோநொடி (ஒன்று ஆயிரம் ஃபெம்டோநொடி) கழித்து எக்ஸ்-கதிர் வர வேண்டும் என்பதை மாற்றி மாற்றி எடுத்தார்கள். படிகம் உள்ளுக்குள் அதிர்வது முப்பரிமாணத்தில் தெரிந்தது. அழியும் மாதிரிகள் என்றால், ஒரே அச்சில் வார்த்தாற்போல் பல பிரதிகள் வேண்டும். எனக்குத் தெரிந்து ஆய்வாளர்களின் பெரும்பாடு அதைத் தயாரிப்பதில்தான்.