எந்தத் தோட்டா, எவ்வளவு எண்ணெய்?

வாசகர் கேள்வி பதில்: பொழுதுபோக்குத் துப்பாக்கி சுடுதல்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஐயா, வணக்கம். அண்மையில் ரூகர் 10/22 ரைஃபிள் ஒன்று வாங்கினேன். சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று ‘சப்சானிக்’ என அச்சிட்ட .22 எல்ஆர் தோட்டாக்களையே பயன்படுத்துகிறேன். அடிக்கடி வெற்றுக்கூடு வெளியே விழாமல் வாயிலில் குறுக்கே சிக்கிக்கொள்கிறது. துப்பாக்கியில் பழுது இருக்கிறதா? – வாசகர், டல்லாஸ்

பதில்: பழுது இருக்க வாய்ப்பு குறைவு, தோட்டாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1964-இல் அறிமுகமான அந்த ரைஃபிளில், தோட்டா அறையின் பின்வாயை மூடும் நகரும் உலோகத் துண்டான போல்ட்டைப் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் அதன் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும் மட்டுமே தோட்டா அறையை மூடி வைத்திருக்கின்றன. குண்டு முன்னே பாயும்போது அதே வாயு அழுத்தம் வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் போல்ட் முழுத் தொலைவும் பின்னோக்கிச் சென்றால்தான் கூடு வெளியே எறியப்பட்டு, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஆகவே தானே இயங்கும் எந்த ரைஃபிளிலும் தோட்டா என்பது சுடப்படும் பொருள் மட்டுமன்று, இயந்திரத்தை ஓட்டும் விசையும் அதுதான். நான் தோட்டாத் தேர்வையும் பராமரிப்பையும் ஒரே கேள்வியாகப் பார்ப்பது இதனால்தான்.

சப்சானிக் தோட்டாவில் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள குண்டு வினாடிக்குச் சுமார் 1,050 அடி வேகத்தில் செல்கிறது. ‘ஹை வெலாசிட்டி’ வகையில் அதே எடைக் குண்டு 1,235 அடி வரை செல்கிறது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1,125 அடி என்பதால், முன்னது ஒலியைத் தாண்டாமல் அமைதியாகப் போகிறது. ஆனால் புதிய, இறுக்கம் தளராத ஸ்பிரிங்கை முழுவதும் பின்னுக்குத் தள்ள அதன் விசை சில சமயம் போதாமல் போகிறது. முதலில் ஹை வெலாசிட்டி தோட்டாவைப் போட்டு, ரைஃபிள் சீராகப் பழகும்வரை சுட்டுவிட்டு, பிறகு சப்சானிக்குக்குத் திரும்பிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் வினாடிக்கு 1,070 அடி அளவிலுள்ள ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ நல்ல இடைவழி. இலக்குப் பயிற்சி செய்பவர்களில் பலர் அதையே விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒலி வேகத்துக்கு மேலே கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது சற்றே தடுமாறுகிறது.

ஐந்நூறு தோட்டா கொண்ட பெரிய பெட்டியை விலை பார்த்து உடனே வாங்கிவிடாதீர்கள். ஐம்பது தோட்டாப் பெட்டிகளில் நான்கைந்து வகைகளை வாங்கி, மணல்மூட்டையில் தாங்கி 50 கெஜத்தில் சுட்டு, எது சிக்காமல் ஓடுகிறது, எது குண்டுகளை நெருக்கமாகச் சேர்க்கிறது என்று குறித்துவையுங்கள். ஒரே மாதிரியான இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை விரும்புவதில்லை. ஸ்டிங்கர் போன்ற மிகை வேகத் தோட்டாவின் கூடு வழக்கத்தைவிடச் சற்று நீளம் என்பதால், போட்டித் தரத்தில் இறுக்கமாகக் குடையப்பட்ட தோட்டா அறை உள்ள ரைஃபிளில் அதைப் போடக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவாததால், மலிவுப் பெட்டிகளில் வெடிக்காத தோட்டா அவ்வப்போது வரத்தான் செய்யும். விசையை (டிரிகரை) அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி காத்திருந்து, அதன் பின்னரே போல்ட்டைத் திறக்க வேண்டும். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக ‘பொட்’டென்று மந்தமாக ஒலித்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கலாம். போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

கேள்வி: என்னிடமும் அதே ரைஃபிள்தான். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலைத் துடைக்க வேண்டும் என்று ஒரு நண்பரும், .22 குழலைத் தொடவே கூடாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகர், ராலே

பதில்: இரண்டாமவர் உண்மைக்குச் சற்று அருகில் இருக்கிறார். .22 குண்டு மென்மையான ஈயம். மேலே மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு குழலின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்த பிறகே ரைஃபிள் தன் வழக்கமான துல்லியத்துக்கு வருகிறது. குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டுச் சுட்டால், முதல் சில குண்டுகள் வேறெங்கோ போய் விழுவதை நீங்களே பார்க்கலாம். எனவே குண்டுகள் சிதறத் தொடங்கும்போது துடைத்தால் போதும். அப்போதும் தோட்டா அறைக்குச் சற்று முன்னால் வளையமாகக் கட்டியாகும் கரியின்மேல்தான் கவனம் வேண்டும்.

எப்படித் துடைப்பது என்பதே இங்கே பெரிய விஷயம். பெரும்பாலான 10/22 ரைஃபிள்களின் உடற்பகுதி பின்பக்கம் மூடியிருப்பதால், குழலைக் கழற்றாமல் துடைப்புக் கம்பியை முன்வாய் வழியாகத்தான் நுழைக்க முடியும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாயின் விளிம்பு. அங்கே கம்பி மாதக்கணக்கில் உரசினால் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே துல்லியத்தைக் கெடுத்துவிடும். தோட்டா அறைப் பக்கத்திலிருந்து நுழைத்து வாய்வழியாக இழுக்கும் துப்புரவுக் கயிறு விலை குறைவு, தீங்கும் இல்லை.

போல்ட் பகுதிக்கு இந்தச் சலுகை கிடையாது. மெழுகும் ஈயத்தூளும் எரியாத மருந்தும் சேர்ந்த கருஞ்சேறு போல்ட்டின் முகத்திலும், கூட்டைக் கொக்கிபோல் பிடித்திழுக்கும் சிறு துண்டுக்கு அடியிலும் அடைந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் பழைய பல்தூரிகையால் அதைத் தேய்த்தெடுத்து, போல்ட் நகரும் தடத்தில் மட்டும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நிறைய விட்டால் அடுத்த முறை இரு மடங்கு அழுக்கு சேரும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் எண்ணெயே வேண்டாம்.

துடைக்க உட்காரும் முன் மேகசினைக் கழற்றுவதும் அதன் பிறகு போல்ட்டைத் திறப்பதும் இதே வரிசையில் நடக்க வேண்டும். வரிசை மாறினால், காலி என்று நினைத்த ரைஃபிளுக்குள் நீங்களே ஒரு தோட்டாவை ஏற்றிவிடுகிறீர்கள். திறந்த பிறகு அறையைக் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏஆர்-15 வைத்திருக்கிறேன். கடையில் .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ என இரண்டும் ஒரே அளவில் தெரிகின்றன. மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா? இந்த ரைஃபிள் அழுக்கானால் உடனே நின்றுவிடும் என்பது உண்மையா? – வாசகர், அட்லாண்டா

பதில்: உங்கள் குழலின் மேல் பொறித்திருப்பதை முதலில் படியுங்கள். இரண்டு தோட்டாக்களின் வெளியளவும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு தோட்டா அறையில் இருக்கிறது. 5.56 அறையில், குண்டு உட்புரியை (குழலின் உட்சுவரில் வெட்டிய சுழல் வரிகளை) தொடுவதற்கு முன்னால் உள்ள வெற்றிடம் சற்று நீளம். அந்த இடவசதியை எண்ணித் தயாரித்த 5.56 தோட்டாவை .223 அறையில் சுட்டால் அழுத்தம் வரம்பு மீறலாம். அதன் முதல் அடையாளம், சுட்ட கூட்டின் அடியிலிருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கழன்று விழுவது. அந்தச் சிறு தகடு விசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு விசையையே அசையவிடாது. மாறாக, 5.56 என்று பொறித்த குழலில் .223 தாராளமாகச் சுடலாம். ‘.223 வைல்ட்’ என்று பொறித்திருந்தால் இரண்டும் ஆகும்.

அதே பொறிப்பில் 1:7, 1:8, 1:9 என்ற ஓர் எண்ணும் இருக்கும். எத்தனை அங்குலத்தில் உட்புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதன் குறிப்பு அது. 55 கிரெய்ன் குண்டுக்கு 1:9 நன்றாகவே பொருந்தும். 77 கிரெய்ன் போன்ற நீண்ட, கனத்த குண்டுக்கு 1:8 அல்லது 1:7 வேண்டும். சுழற்சி போதாவிட்டால் குண்டு பக்கவாட்டில் புரண்டு, காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போன்ற கிழிசலை உண்டாக்கும். சாதாரணப் பயிற்சிக்கு 55 கிரெய்னே போதும் என்பது என் கருத்து.

அழுக்கைப் பற்றிய கெட்ட பெயருக்கு ஒரு வரலாறு உண்டு, அதில் குற்றவாளி பாதி தோட்டாதான். இந்த ரைஃபிளை உருவாக்கிய யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பில் குழலிலிருந்து எடுக்கப்படும் வாயு, போல்ட்டைச் சுமந்து நகரும் போல்ட் தாங்கிக்குள் நேராக வந்து அதைத் தள்ளுகிறது. கரியும் கூடவே வருகிறது. 1960-களில் இதன் ராணுவ வடிவமான எம்16 படைகளுக்குப் போனபோது, முதலில் பயன்படுத்திய குச்சி வடிவ வெடிமருந்தை மாற்றி, உருண்டை வடிவ மருந்தைத் தோட்டாவில் நிரப்பினார்கள். அது சுடும் வேகத்தைக் கூட்டியது, அதிகக் கசடையும் விட்டது. தோட்டா அறைக்குக் குரோமிய முலாம் இல்லை; வியட்நாமின் ஈரத்தில் அது துருவேறியது. துப்புரவுக் கருவிகளும் வீரர்களுக்குப் போதிய அளவில் வழங்கப்படவில்லை. சண்டையின் நடுவே கூடு சிக்கி வீரர்கள் இறந்த புகார்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்டு துணைக்குழு 1967-இல் விசாரித்தது. குரோமிய முலாம் பூசிய அறையும், துப்புரவுக் கருவிகளும், முறையான பயிற்சியும் வந்தபின் அதே ரைஃபிள் பல பத்தாண்டுகள் உழைத்தது.

உங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: இந்த ரைஃபிள் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், வறட்சியைப் பொறுக்காது. போல்ட் தாங்கியில் உரசி வெளுத்த கோடுகள் தெரியும் இடங்களிலும், போல்ட்டின் உடலிலும், அதைச் சுழற்றும் குறுக்கூசியிலும் எண்ணெய் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். போல்ட்டின் வால்பகுதியில் படியும் கரியைக் கத்தியால் சுரண்டிக் கண்ணாடியாக்கத் தேவையில்லை. வாயு செல்லும் மெல்லிய குழாயையும் சீண்ட வேண்டாம். போல்ட்டின் வாயு வளையங்களைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. போல்ட்டை வெளியே இழுத்த நிலையில், அதன் முகம் கீழே இருக்கும்படி தாங்கியோடு மேசைமேல் நிறுத்துங்கள். தாங்கி தன் எடையிலேயே கீழே இறங்கிவிட்டால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இவ்வகை ரைஃபிளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை வீடு மாற்றும் முன் நினைவில் கொள்க.

கேள்வி: சோவியத் வடிவமைப்பான பழைய எஸ்கேஎஸ் ரைஃபிளுடன் தகர டப்பாவில் அடைத்த பழைய யூகோஸ்லாவியத் தோட்டாக்களும் மலிவாகக் கிடைத்தன. இவற்றைச் சுடலாமா? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: ஈரம் புகாமல் மூடியிருந்த டப்பா என்றால் பெரும்பாலும் சுடலாம்; ஆனால் அன்று மாலை உங்களுக்கு வேலை இருக்கிறது. அக்காலத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்குவது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்; ஹூஸ்டன் காற்றில் ஒரே இரவு போதும். எண்ணெயும் சாதாரணத் துப்புரவுத் திரவங்களும் உப்பைக் கரைப்பதில்லை, மேலே மூடி மட்டும் வைக்கும். கரைப்பது தண்ணீர். கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். கொதிநீரைத் தோட்டா அறைப் பக்கமிருந்து குழலில் ஊற்றி, வாயு உருளை, பிஸ்டன், போல்ட்டின் முகம் ஆகியவற்றையும் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். செம்பழுப்பு தெரிந்தால் திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு முன்னால் போல்ட்டைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளேயிருக்கும் சுத்தியல் ஊசி தடையின்றி முன்னும் பின்னும் ஓடும் ஓசை கேட்க வேண்டும். கிடங்கில் வைக்கும்போது பூசிய கெட்டிக் கிரீஸ் அங்கே இறுகி ஊசி முன்னே நீட்டியபடி நின்றுவிட்டால், போல்ட் மூடும்போதே விசையைத் தொடாமல் தோட்டா வெடிக்கும். அடுத்தடுத்தும் வெடித்துக்கொண்டே போகலாம். கிரீஸ் முழுவதும் கரைந்து வெளியேறும்வரை இந்த ரைஃபிள் சுடுதளத்துக்குப் போகக் கூடாது. குண்டில் காந்தம் ஒட்டினால் (எஃகு இருப்பதன் அடையாளம் அது) அதை அனுமதிக்காத தளங்களும் பல உண்டு, முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பருக்குக் கிரீன் கார்டு உண்டு. அவருடைய ரைஃபிளுக்கு நான் தோட்டா வாங்கிக் கொடுக்கலாமா? – வாசகர், சியாட்டில்

பதில்: வேண்டாம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தத் தடை தோட்டாவுக்கும் பொருந்தும். மாநில அரசு வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்தபின் சுடுதளத்துக்குச் செல்லுங்கள். இதில் நண்பரின் வாக்கை நம்பி நடக்காதீர்கள். விளைவு உங்கள் விசாவைத் தாக்கும்.

கேள்வி: என் கணவர் வாரந்தோறும் உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போகிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஈயத்தால் ஆபத்து உண்டா? – வாசகி, சார்லட்

பதில்: உண்டு, ஆனால் தவிர்க்கக்கூடியது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. குண்டின் அடிப்பகுதியிலிருந்தும் ஈயம் நுண்தூளாகப் பறக்கிறது. அது கை, தலைமுடி, சட்டை, காலணி, கார் இருக்கை வழியாக வீட்டுக்கு வருகிறது. சுடுதளத்தில் எதையும் உண்ணாமல், கிளம்பும் முன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு அவர் முகமும் கையும் கழுவட்டும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தைக் காலணிக்கும் கண்டிப்பாக்குங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளித்து உடை மாற்றுவதும், அந்த உடைகளைத் தனியாகத் துவைப்பதும் அவசியம். துப்பாக்கி துடைப்பதைச் சமையலறையிலோ சாப்பாட்டு மேசையிலோ செய்யக் கூடாது. அழுக்குத் துணிகளை மூடிய பையில் போட்டு அகற்ற வேண்டும். பளபளக்கும் வெற்றுக்கூடுகளைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதை அறவே நிறுத்துங்கள். ரத்தத்தில் ஈய அளவைக் காட்டும் எளிய பரிசோதனையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மேல் நடவடிக்கை தேவை என்பது 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கடைப்பிடிக்கும் அளவுகோல்.