எப்போது சொல்வது, எப்போது காத்திருப்பது?

கேள்வி: ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறேன். குழந்தைகளே கண்டறியட்டும் என்று ஒதுங்கினால் பாடம் நகர்வதில்லை. விளக்கத் தொடங்கினால் பழைய வகுப்பாகிவிடுகிறது. நான் எங்கே நிற்க வேண்டும்?

பதில்: குழந்தையின் அருகிலேயே நில்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் குழந்தையை மையமாகக் கொண்டு கற்பித்தலை வலியுறுத்துகிறது. ஆசிரியர் விலகி நிற்க வேண்டுமென்று அது எங்கும் கூறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 52இல் 38ஐக் கழித்து 26 என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி எழுதுகிறாள். இது கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கலாம் என்று அவளே ஒரு விதியை வகுத்திருக்கிறாள். உடனே திருத்தினால் விடை மாறும், விதி மாறாது. ஆகவே, "26ஐயும் 38ஐயும் கூட்டிப் பாரம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். 64 வந்ததும் அவளே திகைப்பாள். அப்போது, பத்துப் பத்தாகக் காப்பிக் கொட்டை கட்டிய ஐந்து சிறு பைகளையும் இரண்டு உதிரிக் கொட்டைகளையும் கொடுத்து, 38ஐ எடுக்கச் சொல்லுங்கள். எட்டு உதிரிகள் கிடைக்காமல் ஒரு பையை அவள் அவிழ்க்கும் கணத்தில்தான் 'கடன் வாங்குதல்' பிறக்கிறது. எந்தப் பொருளை எப்போது அவள் கையில் தருவது என்று முடிவெடுத்தது தாங்கள்தான்; வழிகாட்டுதல் என்று நான் கருதுவது அதைத்தான்.

கேள்வி கேட்டபின் குறைந்தது மூன்று நொடிகளாவது பொறுத்திருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிக்குமேல் காத்திருப்பதில்லை என்பதையும், காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். அந்த மூன்று நொடிகள் தொடக்கத்தில் மிகவும் சங்கடமாக இருக்கும் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

ஆனால் எழுத்தின் வடிவம், ழகர ஒலிப்பு, கழித்தல் குறி போன்றவை மனிதர் வகுத்த வழக்கங்கள்; அவற்றை எந்தக் குழந்தையாலும் தானே கண்டறிய இயலாது. அவற்றைத் தயங்காமல் நேரடியாகச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று வகுப்புகளையும் ஒரே நாளில் உற்று நோக்க முடியாது. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளின்படி குழந்தைகள் அமர்ந்திருக்கும்போது, நாளுக்கு நான்கு பேரை மட்டும் தேர்ந்து, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். மறுநாள் யாருக்கு எந்தப் பையை எடுத்துச் செல்வது என்பதை அக்குறிப்பைக் கொண்டே முடிவு செய்யலாம்.