சென்னை விமான நிலையத்துக்குப் புதுப் பெயர் வைத்தால் டிக்கெட் விலையில் ஏதாவது மாறுமா?

மாறாது. மீனம்பாக்கத்தில் உள்நாட்டு முனையம் காமராஜர் பெயரிலும் பன்னாட்டு முனையம் அண்ணா பெயரிலும் பல காலமாக இருக்கின்றன. ஆட்டோவில் ஏறி 'காமராஜர் முனையம்' என்று சொல்லிப் பாருங்கள், 'டொமஸ்டிக்கா சார்?' என்பார். 1996-இல் ஊர்ப் பெயரே சென்னை ஆன பிறகும், பெட்டியில் ஒட்டும் சீட்டில் மெட்ராஸ் காலத்து விமான நிலையக் குறியீடான 'எம்ஏஏ'தான்.

விலையை மாற்றியது வேறு. 1953-இல் ஒரு சட்டத்தின் மூலம் விமான சேவை அரசுடைமையானது. உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் சொன்னதுதான் கட்டணம். 1994-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, தனியாருக்கு வழி திறந்தது. 2003-இல் ஏர் டெக்கான் வந்ததும் சாப்பாடு இல்லாத மலிவு டிக்கெட் பழக்கமானது. அமெரிக்கா விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை 1978-லேயே தளர்த்திவிட்டது.

சரி, எல்லாருக்கும் லாபமா? டெல்லி, மும்பை மாதிரிப் போட்டி உள்ள தடங்களில் ஆம். ஆனால் விலை தேவையைப் பொறுத்து ஏறி இறங்கும். தீபாவளிக்கு முந்தின நாள் மதுரைக்குத் தேடினால் தெரியும். கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு கட்டண வரம்பு வைத்தது. கூட்டம் குறைந்த ஊர்களுக்கோ கம்பெனிகள் தானாகப் போவதில்லை. சேலத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் விட, சிறு ஊர்களுக்கு விமானம் விட உதவும் மத்திய அரசின் 'உடான்' திட்ட மானியம் தேவைப்பட்டது.