சஃபாரியில் 'எல்லாம் அடக்கம்' என்றால் எதெல்லாம்? கென்யா, தான்சானியா கேள்வி பதில்

கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் இதுவரை ஐந்து தடவை போய்வந்துவிட்டேன். ஒரு தடவைகூட யானை விலை விடுதியில் தங்கியதில்லை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்துக் கையைக் கடிக்காமல் சஃபாரி போவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விமான டிக்கெட்டும் கேமரா லென்ஸும் எனக்குத் தெரியாத சங்கதிகள். அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

செம்போத்து: அக்கா, நாங்கள் இரண்டு பேர். தான்சானியாவில் செரெங்கெட்டி பூங்காவும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளமும் சேர்த்து நான்கு நாள், மூன்று இரவு, கூடாரத்தில் தங்கல். ஆளுக்கு 600 டாலர், எல்லாம் அடக்கம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பேனாவை எடுங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கட்டணங்கள் அவ்வப்போது ஏறும். நான் சொல்வது கடைசியாகப் பார்த்த விலை, வெளிநாட்டுப் பெரியவர்களுக்கானது. பணம் கட்டும் முன் பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செரெங்கெட்டி நுழைவு ஒரு நாளைக்கு 70 டாலர், 18 சதவீத வரியோடு 82.60. உள்ளே தங்குபவர்களுக்கு அது 24 மணி நேரம் செல்லும். இரண்டு நாளுக்கு 165.20. பொதுக் கூடாரத் திடல் ஓர் இரவுக்கு வரியோடு 35.40, மூன்று இரவுக்கு 106.20. சஃபாரிகள் கிளம்பும் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டி போகும் சாலை ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் நடுவே ஓடுகிறது. ஜன்னலைத் திறக்காமல் கடந்து போனாலும் 70.80 கட்டித்தான் ஆகவேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு 70.80. அப்புறம் எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 295 டாலர். இது தலைக்கு இல்லை, வண்டிக்கு. இரண்டே பேர் என்றால் ஆளுக்கு 147.50, ஆறு பேர் என்றால் 49 சொச்சம்.

கூட்டுங்கள். உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 560.50 அரசாங்கத்துக்கே போகிறது. மிச்சம் ஆளுக்கு 40, இருவருக்கும் சேர்த்து 80 டாலர் கூட இல்லை. அந்தப் பணத்தில் நான்கு நாள் லேண்ட் குரூசர், டீசல், ஓட்டுநர் சம்பளம், சமையல்காரர், சாப்பாடு எல்லாம் நடக்குமா? டீசலுக்கே பத்தாது. ஆறு பேர் சேர்ந்தால் அடிக்கணக்கு 462க்கு இறங்கும். அப்போதும் 600 இழுபறிதான்.

ஏஜென்ட் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. 'எல்லாம்' என்று அவர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டாவது பயணத்தில் நானே மாட்டியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மேடம், பூங்காக் கட்டணத்துக்கு உங்கள் கார்டு" என்று ஓட்டுநர் கையை நீட்டினார். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்குக் கிடைத்த பயண விவரத் தாளில் அப்படித்தான் இருந்தது. எனக்கு வந்த தாளின் கடைசிப் பக்கத்திலும் 'சேராதவை' என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது, நான்தான் முதல் பக்கத்துச் சிங்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். நீங்களும் சேராதவையை முதலில் படியுங்கள்.

மழைக்காகம்: ஃபுல் போர்டு, ஆல் இன்க்ளூசிவ், கேம் பேக்கேஜ் என்று மூன்று விலை போட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்?

ஃபுல் போர்டு என்றால் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும். குடிக்கும் எதற்கும் தனிக் காசு, சில இடங்களில் தண்ணீர் பாட்டிலுக்கும். கேம் பேக்கேஜில் அதோடு விடுதி வண்டியில் காலையும் மாலையும் சுற்றிக் காட்டுவது சேரும். ஆல் இன்க்ளூசிவ் என்றால் பானமும் சேரும். பூங்காக் கட்டணம் இந்த மூன்றிலுமே இல்லாமல் இருக்கலாம். அருஷாவிலிருந்தோ நைரோபியிலிருந்தோ வண்டியோடு வருகிறவர்களுக்கு ஃபுல் போர்டே போதும். கேம் பேக்கேஜ் எடுத்தால் ஒரே சவாரிக்கு இரண்டு தடவை பணம் கட்டுவீர்கள்.

தனிப்பயணி: நான் ஒற்றை ஆள். பிப்ரவரியில் போக நினைக்கிறேன். ஒற்றை ஆளுக்குக் கட்டுப்படியாகுமா?

தனியாக வண்டி எடுத்தால் கட்டுப்படியாகாது. மேலே பார்த்தீர்களே, வண்டி, டீசல், ஓட்டுநர், பள்ளத்துக் கட்டணம் எல்லாம் வகுபடும் செலவு. வகுக்க ஆள் வேண்டும். அருஷாவில் ஆட்களைச் சேர்த்து அனுப்பும் குழுப் பயணங்கள் உண்டு. தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்த முடிந்தால் இடம் கிடைக்கும். வண்டியில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் ஜன்னல் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மாதத்தை நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். பிப்ரவரியில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் வகையின் மந்தை தெற்குச் செரெங்கெட்டியில், ந்டுட்டு பக்கம் குட்டி போடும். பிறந்த குட்டி சில நிமிடங்களில் நான்கு கால்களையும் நான்கு திசையில் ஊன்றி எழும், விழும், மறுபடி எழும், அப்புறம் ஓடும். கழுதைப்புலி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்த மந்தை பின்னால் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

பூவரசு: எந்த மாதம் மலிவு?

ஏப்ரல், மே. பெருமழைக் காலம். விடுதிகள் விலையை நன்றாக இறக்கும், சில மூடியே கிடக்கும். கரிசல் மண்ணில் வண்டி சிக்கினால் அரை நாள் போச்சு. துணிந்தவர்கள் போகலாம். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் நுழைவு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. ஜூன் கடைசி வாரம் போனால் மழையும் ஓய்ந்திருக்கும், கட்டணமும் பாதி. வில்டபீஸ்ட் மந்தை அதற்குள் மாராவுக்கு வந்துவிடும் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அல்லி: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு அடக்கம் என்று பணம் கட்டிவிட்டுப் பட்டினி கிடக்கப் போகிறோமோ என்று பயம்.

பயமே வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் சப்பாத்தி அவர்கள் வீட்டுச் சாப்பாடு, அதே பெயரில். பச்சைப்பயறும் பீன்ஸும் கீரையும் எங்கும் உண்டு. இரவுச் சாப்பாட்டில் பிரச்சினை வராது.

கவனிக்க வேண்டியது மதியப் பொட்டலம். ஒரு அட்டைப்பெட்டியில் கோழித்துண்டு, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், காய்ந்த கேக், சின்ன ஜூஸ் டப்பா. 'சைவம்' என்று முந்தின இரவே சமையல்காரரிடம் சொல்லாவிட்டால் வாழைப்பழமும் கேக்கும்தான் மிஞ்சும். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் நீர்யானைக் குளத்தோரம் வண்டியிலிருந்து இறங்கிச் சாப்பிடலாம் என்பார்கள். இறங்குங்கள், கை கால் நீட்டுங்கள், சாப்பாட்டை மட்டும் வண்டிக்குள் வைத்தே முடியுங்கள். கள்ளப்பருந்துகள் மேலேயே வட்டமடிக்கும். என் கையிலிருந்த சப்பாத்திச் சுருள் போன வேகத்தில், போனதே சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. விரலில் நகக் கீறல்.

கரிச்சான்: மாராவில் வாசலுக்கு வெளியே தலெக், செகெனானி பக்கம் தங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பொய்ச் சிக்கனம். 200 டாலர் கட்டிவிட்டுக் காலை ஆறு மணிக்கு வாசலில் வரிசையில் நிற்பதா? உள்ளே இருப்பவன் அதற்குள் சிங்கத்தைப் பார்த்திருப்பான்.

மணல்மேடு: உள்ளே தங்க ஆகும் கூடுதல் பணத்தில் வெளியே இன்னொரு நாளே இருந்துவிடலாம். இருட்டிய பிறகு உள்ளேயும் வண்டி ஓடக்கூடாது. இரவெல்லாம் உள்ளே படுத்து என்ன பார்ப்பீர்கள், கூடாரத் துணியையா?

நல்ல சண்டை. மாராவுக்கு மட்டும் என்றால் நான் மணல்மேடு பக்கம். அந்த டிக்கெட்டே காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான். உள்ளே தங்கினாலும் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும். வேலி கிடையாது, மிருகத்துக்கு எல்லை தெரியாது. தலெக்கில் நான் படுத்திருந்த மலிவுக் கூடாரத்துக்குப் பின்னால் இரவு முழுக்கக் கழுதைப்புலி ஊளையிட்டது. விடியலில் பார்த்தால், முந்தின நாள் துவைத்துக் காயப்போட்ட காலுறையில் ஒன்றைக் காணோம். காவலுக்கு இருந்த மசாய் பெரியவர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

கரிச்சான்: அப்படியானால் செரெங்கெட்டிக்கும் வெளியே தங்கச் சொல்வீர்களா?

மாட்டேன். அங்கே கதையே வேறு. மாரா காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், செரெங்கெட்டி 14,700க்கும் மேல். ங்கோரோங்கோரோவுக்கு இந்தப் பக்கம் கரட்டு ஊரில் மலிவு அறை உண்டு என்று தங்கி அங்கிருந்து செரெங்கெட்டிக்குத் தினம் போய்வருகிறேன் என்றால், பார்ப்பது சாலையைத்தான். நடுவில் செரோனெரா பக்கம் பொதுக் கூடாரத் திடல் போதும். குளியல் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் விடியல் உங்களுடையது. பள்ளத்துக்கு மட்டும் போகிறவர்கள் கரட்டுவில் தங்கலாம், அதுதான் சரியான சிக்கனம்.

மணல்மேடு: அதைத்தானே நானும் சொன்னேன்.

கரிச்சான்: நீங்கள் எங்கே சொன்னீர்கள்? மாராவை ஒட்டிய தனியார் காப்பகங்களில் இரவுச் சவாரி உண்டே, அதை மறைத்துவிட்டீர்களே.

உண்டு. மசாய் குடும்பங்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். வண்டிக் கூட்டம் இல்லை, நடந்தும் போகலாம். ஆனால் அது மலிவுப் பேச்சில் சேராது. இத்தோடு இருவரும் நிறுத்துங்கள், வரிசையில் ஆள் நிற்கிறது.

வெண்ணிலா: ஐந்து நாள், மூன்று பேர், ஆளுக்கு 700 டாலர், எல்லாம் அடக்கம். ஓகேவா அக்கா?

முதல் பதில். அதே கணக்கைப் போடுங்கள்.

இரட்டையர் அம்மா: ஏழு வயது இரட்டையர்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வண்டியில் உட்காருவார்களா?

மாட்டார்கள். என் அக்கா பேரன் மூன்றாவது வரிக்குதிரைக் கூட்டத்திலேயே தூங்கிவிட்டான். நைரோபியில் தொடங்குங்கள். ஊரை ஒட்டியே தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர், 1946இல் தொடங்கியது. சிங்கமும் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்களோடு தெரியும். காட்டு யானை மட்டும் அங்கே கிடையாது. அடுத்து நைவாஷா ஏரி, பக்கத்தில் ஹெல்ஸ் கேட் பூங்கா. அங்கே வாடகை சைக்கிளில் வரிக்குதிரைகளுக்கு நடுவே ஓட்டிப் போகலாம். பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

நீலாம்பரி: உடை? எனக்குப் பிடித்தது அடர்நீலம்.

அதைத் தவிர எது வேண்டுமானாலும். ட்செட்சி ஈக்கு நீலமும் கருப்பும் உயிர். அதைப் பிடிக்க வைக்கும் பொறித்துணியே அந்த இரண்டு நிறத்தில்தான் தைக்கிறார்கள். தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் ஜீன்ஸ் போட்டவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன், துணிக்கு மேலேயே குத்தும். காக்கியோ பழுப்போ எடுங்கள். ஒரு தடித்த ஸ்வெட்டரும் வேண்டும். ங்கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம், இரவில் பல் கிட்டும். பிளாஸ்டிக் பை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை.

குறிஞ்சி: 200 எம்.எம். லென்ஸ் போதுமா?

முதல் பத்தியிலேயே சொன்னேன். 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று. ஒன்றை இருவர் பகிர்ந்தால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும்போது அது மற்றவர் கையில்தான் இருக்கும்.

தும்பை: சிங்கம் கட்டாயம் பார்க்கலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள்.

அந்த உத்தரவாதத்தில் சிங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறதா?

பனங்காடை: மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா?

கென்யா போய் இந்தியா திரும்பினால் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும்.

நெய்தல்: டிப்ஸ் சேர்ந்ததா? 'எல்லாம் அடக்கம்' என்றுதான் போட்டிருக்கிறது.

சேராது, அநேகமாக எந்தத் தாளிலும் சேராது. பின்பக்கம் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது. ஓட்டுநருக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் அளவில் எடுத்து வையுங்கள். இதுவும் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. சமையல்காரருக்குத் தனியாக.

செம்போத்து: அக்கா, ஏஜென்டிடம் கேட்டேன். செரெங்கெட்டிக்குள் ஒரே இரவுதானாம், மற்ற இரண்டும் கரட்டுவிலாம். பள்ளத்தில் இறங்குவது 'விருப்பப்பட்டால்', 295 தனியாம்.

அதுதான் அந்த 600. ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்ட பயணமும் அது இல்லை. உங்களால் பிப்ரவரியில் போக முடியுமா? மேலே தனிப்பயணி ஆள் தேடுகிறார். மூன்று பேரானால் பள்ளத்துக் கட்டணம் ஆளுக்கு 98 சொச்சமாக இறங்கும், வண்டியும் டீசலும் மூன்றாக வகுபடும். இருவரும் பேசிக்கொண்டு, செரெங்கெட்டிக்குள் இரண்டு இரவு என்று எழுதி வாங்கிப் புது விலை கேளுங்கள்.