மண்ணை மூடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்

சித்திரை பிறந்தாலே கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். முக்கால்வாசியில் ஒரே வரிதான்: "செடி வாடுகிறது, என்ன செய்யலாம்?" எந்த ஏரியா, மாடியா தரையா, போர் தண்ணீரா லாரித் தண்ணீரா, எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, எதுவும் இருக்காது. சென்னை முழுக்க ஒரே வெயில் அடிப்பதில்லை. மதியம் ஒரு மணிக்குள் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் பெசன்ட் நகர் 36, 37 டிகிரியோடு தப்பிக்கும். அதே காற்று அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் போய்ச் சேர இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அங்கே 40ஐத் தொட்டிருக்கும். இடத்தைச் சொல்லாமல் மருந்து கேட்காதீர்கள். இம்முறை ஓரளவாவது விவரம் எழுதியவர்களுக்குத்தான் பதில். ஒரே ஒருவர் விதிவிலக்கு, அவரைக் கடைசியில் கவனித்துக்கொள்கிறேன்.

மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. போரான் வாங்கித் தெளித்தும் பலனில்லை. (மடிப்பாக்கம்)

போரானை மூடி உள்ளே வையுங்கள். இது சத்துக் குறைவு இல்லை, ராத்திரிச் சூடு. தக்காளி ஒழுங்காகக் காய் பிடிக்க இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 24, 25 தாண்டினாலே மகரந்தம் கெட்டுப்போகும். நம் ஊரில் மே மாத ராத்திரி, மழை வந்தால் ஒழிய, 27, 28க்குக் கீழே இறங்காது. எதைத் தெளித்தாலும் ராத்திரியைக் குளிர வைக்க முடியாது. செடியைப் பிடுங்கி, அதே பையில் வெண்டையோ கொத்தவரையோ தண்டுக்கீரையோ போடுங்கள். இந்த வெயிலுக்குப் பயப்படாத பயிர்கள் அவை. தக்காளியை ஆவணியில் நாற்று விட்டு, மார்கழி, தையில் பறியுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் மதியம் இரண்டு மணிக்குச் செடிகள் எல்லாம் தலை தொங்கிவிடுகின்றன. (வேளச்சேரி)

இரண்டு மணிக்குத் தலை தொங்குவது நோய் இல்லை. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. நிமிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதிகத் தண்ணீரை. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வையுங்கள். மேல்மண் காய்ந்தும் அடிமண் சேறாகவும் இருக்கிற தொட்டிகளை இந்த மாதம் நிறையப் பார்க்கிறேன். வேர் அழுகினாலும் செடி வாடத்தான் செய்யும்.

இன்னொன்று. மதிய வேளையில் விடுகிறீர்களே, அந்தத் தண்ணீரை முதலில் உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி, அதிலிருந்து தரையோடு கிடக்கிற கறுப்பு ஹோஸ். குழாயைத் திறந்ததும் வருகிற முதல் இரண்டு குவளையில் கையை வைக்க முடியாது. அதை வேரில் ஊற்றிவிட்டு உரம் போதவில்லையோ என்று யோசிக்கிறார்கள். காலை ஏழு மணிக்குள் ஒருமுறை நிறைய விடுங்கள். சின்னத் தொட்டிகளுக்கு மட்டும் சாயங்காலம் கொஞ்சம். கறுப்புப் பைகளை மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாக வைக்காதீர்கள், அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரிதான் அது. நெருக்கமாகக் கூட்டி, செங்கல் மேல் ஏற்றி, மண்ணை நாலு விரல் கனத்துக்குச் சருகால் மூடுங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை போதும். 75 கட்டினால் வெண்டை பூக்காமல் நெட்டையாக ஓடும்.

இலை ஓரம் மட்டும் தீய்ந்ததுபோல் பழுப்பாகிறது. நடுவில் பச்சை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. (திருவான்மியூர்)

உப்பு. கடலோரத்து போர்கள் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்புக் கரிக்கும், அந்த உப்பு மண்ணில் ஏறும். வாரம் ஒருமுறை லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ கிடைக்கும்போது, அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு விட்டுக் கழுவுங்கள். கழுவாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் கெடுதல். ரசாயன உரம் இப்போது வேண்டாம், அதுவும் உப்புத்தான். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற நீரைச் செடிக்கு விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் உங்கள் போர் தண்ணீரில் உள்ள உப்பு இன்னும் செறிந்து அதில் வருகிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் என்ன வளரும் என்றால் அரளி, நித்யகல்யாணி, காகிதப்பூ. தரை இருந்தால் பூவரசும் புன்னையும். ரோஜா ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

காகிதப்பூ செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது. (அண்ணா நகர்)

தண்ணீரைக் குறையுங்கள். அது காய்ந்தால்தான் பூக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரிய வேம்பு, இரண்டு புங்கை. சருகு கொட்டி வாகனங்கள் மேல் குப்பையாகிறது. வெயில் காலத்திலேயே கிளைகளைக் கழித்துவிடலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். தோட்டக்காரர் தினமும் சருகைக் கூட்டி எரித்துவிடுகிறார். சரிதானா? (அசோக் நகர்)

இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கடிதம் ஏதாவது ஒரு பேட்டையிலிருந்து வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

புங்கை மாசி, பங்குனியில் இலையைக் கொட்டி, வெயில் ஏறுவதற்குள் தளதளவென்று புதுத் தழை போட்டுவிடுகிறது. உச்சி வெயிலுக்கு முன்னால் குடையை மாற்றிக்கொண்டு நிற்கிற மரம் அது. வேம்பும் அப்படித்தான், பங்குனியில் தளிர், சித்திரையில் பூ. ஆக, நீங்கள் எரிச்சலோடு பார்க்கிற சருகு இரண்டு மூன்று வாரச் சமாசாரம். அதற்காக நிழலை வெட்டித் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் கார் நிறுத்தத் தகரக் கொட்டகைக்கு வசூல் செய்வீர்கள். மே மாதம் கிளையை மழித்தால் அதுவரை நிழலில் இருந்த பட்டையில் நேர் வெயில் விழுந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் பூச்சியும் பூஞ்சையும் ஏறும். கழித்தே ஆக வேண்டுமென்றால் புரட்டாசியில், பெருமழைக்கு முன்னால், காய்ந்த கிளைகளையும் கூரை மேல் சாய்ந்திருப்பதையும் மட்டும் எடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நகரம் முழுக்க மரங்கள் விழுந்தன. வேரைச் சுற்றி சிமென்ட் பூசி, ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டி எடை சாய வைத்த மரம் காற்றுக்கு எப்படி நிற்கும்? உங்கள் வேம்பின் அடியிலும் டைல்ஸ் பதித்திருப்பீர்கள், எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள்.

அடுத்து, எரிப்பது. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், கணக்குப் பாருங்கள். ஒரு பக்கம் தோட்டக்காரருக்குக் கூலி கொடுத்துச் சருகை எரிக்கிறீர்கள். மறுபக்கம் மாடித்தோட்டத்துக்கு நார்க்கழிவும் மண்புழு உரமும் மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். எரித்தது எது, வாங்கியது எது என்று யாருமே யோசிப்பதில்லை. கம்பிவலையை ஆளுயரத்துக்கு வட்டமாகச் சுற்றி ஒரு மூலையில் நிறுத்துங்கள். சருகைக் கொட்டி, வாரம் ஒரு குடம் தண்ணீர், கொஞ்சம் பழைய சாணமோ புளித்த மோரோ தெளியுங்கள். ஐப்பசி மழைக்குள் அடியில் கறுப்பாக மக்கு நிற்கும். மீதிச் சருகு இந்த வெயிலுக்குத் தொட்டி மண்ணை மூட. வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்கிறேன், மூடுகிற பொருளோ தினமும் காலையில் உங்கள் வாசலில் புகைந்துகொண்டிருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கொத்தமல்லி நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது. (பெரம்பூர்)

வெயில் அப்படித்தான் செய்யும். கார்த்திகையில் விதையுங்கள், அதுவரை கடைக்கட்டுதான்.

கத்திரி வெயில் 28ஆம் தேதியோடு முடிகிறதே, மறுநாளே நாற்று விடலாமா? (தாம்பரம்)

பஞ்சாங்கத்துக் கத்திரி முடியும், சென்னைக் கத்திரி முடியாது. 2003இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது மே மாதக் கடைசியில், அக்னி நட்சத்திரம் கழிந்த பிறகுதான். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிற சமயத்தில் நமக்கு மேலைக்காற்று பலக்கிறது. அது மலைக்கு அந்தப்பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு, சூடேறி வரும். வருவதோடு நில்லாமல் கடற்காற்றையும் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். ஆகவே ஜூன் முதல் பாதியும் கோடைதான். நடுவில் சாயங்கால இடிமழை ஒன்று பெய்ததும் விதைப் பையைத் திறக்கிற அவசரக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் ஏமாறுகிறார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. ஜூலை நடு வரை மண்ணைத் தயார் செய்யுங்கள்: பழைய மண்ணைக் கொட்டி வெயிலில் உலர்த்தி, மக்கு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, மூடி வையுங்கள். மூடி என்பதைக் கவனிக்கவும்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டுவிட்டது. புளித்த மோர் ஊற்றலாமா? (கொரட்டூர்)

எந்தப் பக்கம் சுருண்டது? மேல்நோக்கிப் படகு போல் என்றால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். வெயிலும் வறட்சியும் இருந்தால் இலைப்பேனுக்குக் கொண்டாட்டம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல், இலைக்கு அடியில் படும்படி, வாரம் ஒருமுறை, வெயில் இறங்கிய பிறகு. காலை பத்து மணிக்கு எண்ணெய் தெளித்து இலையைப் பொரித்தவர்கள் தனியாக எழுத வேண்டாம். மோர் செடிக்கு ஆகாததில்லை, ஆனால் பேனை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் குடியுங்கள்.

குண்டுமல்லி மொட்டு சிறுத்து, சிவந்து உதிர்கிறது. இப்போது கவாத்து செய்யலாமா? (போரூர்)

வேண்டாம். கவாத்து கார்த்திகை கடைசியில், முழங்கால் உயரத்துக்கு. பங்குனி முதல் ஆனி வரை அது பூக்கிற காலம், இப்போது வெட்டினால் பூவைத்தான் வெட்டுவீர்கள். சிவந்த மொட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சின்ன ஓட்டையும் உள்ளே மெல்லிய பச்சைப் புழுவும் இருக்கும். பாதித்த மொட்டுகளைக் கிள்ளி, கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி அழியுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள். பூப்பறிக்கிற செடியில் கடை விஷம் வேண்டாம், அது தலையில் வைக்கிற பூ.

தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளை வட்டம் வட்டமாக இருக்கிறது, கீழே உள்ள செடியெல்லாம் கறுத்துவிட்டது. (நீலாங்கரை)

சுருள் வெள்ளை ஈ. 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, இப்போது எங்கும் இருக்கிறது. கறுப்பு, அது கழிக்கிற தேன் போன்ற கழிவில் வளர்கிற பூசணம். விஷம் அடிக்காதீர்கள், ஈயைத் தின்கிற குளவி செத்துவிடும், ஈ திரும்ப வரும். எட்டுகிற ஓலைகளுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். பொறுமை வேண்டும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். செடிகள்?

இவர்தான் ஊர் எழுதாதவர். எத்தனை தொட்டி என்றும் இல்லை. எல்லாவற்றையும் கிழக்குப் பக்க நிழலில் ஒன்றாகக் கூட்டி, சருகால் மூடி, நன்றாக நனைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக மண்ணில் செருகிவைக்கிற வித்தை மே மாதத்தில் இரண்டு நாள்கூடத் தாங்காது.