11 வயது மகளுக்குப் பாலே பாயின்ட் ஷூ: ஆசிரியர் தள்ளிப்போடுகிறார், பள்ளியை மாற்றலாமா?

லண்டனில் மகளைப் பாலேவுக்கு அனுப்பும் அம்மா கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு 11 முடியப்போகிறது, கூட ஆடுகிறவர்கள் பாயின்ட் (முனை கெட்டியான ஷூவில் விரல்நுனியில் நின்று ஆடுவது) ஏறிவிட்டார்கள், இவளுக்கு முட்டிக்குக் கீழே வலி, ஆசிரியர் "இன்னும் ஆறு மாதம் போகட்டும்" என்கிறார். வேறு பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். தள்ளிப்போடத் தெரிந்த ஆசிரியர் கிடைத்திருக்கிறார்.

"12 வயதில் எலும்பு முற்றிவிடும், அதன் பிறகு பயமில்லை" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பாத எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் இடங்கள்) பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வாக்கில்தான் மூடும். 12 என்பது பயிற்சிக் கணக்கு. எட்டு வயதில் ஒழுங்காகத் தொடங்கிய பிள்ளைக்கு நான்காம் ஆண்டு அப்போதுதான் வரும். பன்னாட்டு நடன மருத்துவ அறிவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வாரம் இரண்டு வகுப்பாவது போய், வேறு குறை ஏதும் இல்லாவிட்டால் நான்காம் ஆண்டில் தொடங்கலாம். வாரம் ஒரே வகுப்பு என்றால் பாயின்ட் வேண்டாம். வயிறு, இடுப்புத் தசை பலமில்லை என்றால் தள்ளிப்போட வேண்டும். ரஷ்யாவில் பத்து வயதிலேயே ஏற்றுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே உடல்வாகு பார்த்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் தினமும் ஆடுகிறார்கள். சனிக்கிழமை வகுப்போடு அதை ஒப்பிட முடியாது.

இப்போது முட்டி வலி. பெண் பிள்ளைகள் சராசரியாக 11½, 12 வயதில்தான் மடமடவென்று உயர்வார்கள். உச்சத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. கூடப் போகும். முதலில் பாதம் நீளும், பிறகு கால், கடைசியில்தான் உடம்பு. எலும்பு முந்திக்கொள்ள, தசையின் நீளமும் பலமும் பின்னால் வந்து சேரும். போன மாதம் தலைக்கு மேலே போன கால் இந்த மாதம் இடுப்புக்கு மேல் ஏறாது, சுழன்றால் தடுமாறும். "ஒழுங்காக ஆடுவதில்லை" என்று பிள்ளை திட்டு வாங்குவதும் இந்த நேரத்தில்தான்.

முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேடு தட்டி, அழுத்தினால் வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். தொடையின் முன்தசை முட்டிச்சில்லு வழியாக வந்து எலும்பைப் பிடிக்கும் இடம் இந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். ஒவ்வொரு குதிப்பும் அதை இழுக்கிறது. குதிகாலில் இதேபோல் வந்தால் சீவர் நோய் என்பார்கள். குதிகாலை இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் துள்ளுவாள். வளர்ச்சி நின்றதும் இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. குதிப்பதையும் முழு ப்ளியேயையும் (முட்டியை மடக்கி இறங்குவது) குறைத்து, கம்பியைப் பிடித்துச் செய்யும் பார் பயிற்சி, வயிற்றுப் பலம், இசை, கைவீச்சு இவற்றைக் கூட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவுநிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து வையுங்கள். 2 செ.மீ.யோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் வேகக் காலம் நடக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லலாம்.

டர்ன்அவுட்டையும் (கால்களை வெளிப்பக்கம் திருப்புவது) கவனியுங்கள். அது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பெலும்பின் அமைப்பு விடாதபோது, பிள்ளைகள் ப்ளியேயில் பாதத்தை வெளியே திருப்பி நட்டுவிட்டு அப்படியே முட்டியை நிமிர்த்துவார்கள். முட்டி முறுக்கிக்கொள்ளும், உள்ளங்கால் வளைவு உள்பக்கம் சரியும். தவளை மாதிரி படுக்கவைத்து முட்டிமேல் யாராவது ஏறி அழுத்தினால், அங்கே மட்டும் தாராளமாகப் பள்ளியை மாற்றுங்கள்.

பாயின்டுக்குத் தயாரா என்று பார்க்கச் சில சோதனைகள் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைக் கூர்ப்பாக்கினால் கால் முன்னெலும்பும் பாதத்தின் மேற்புறமும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒற்றைக் காலில் நின்று, உடம்பை முன்னே சாய்த்து, மற்றக் காலைப் பின்னே நீட்டி ஐந்து ப்ளியே. அதில் குறைந்தது நான்கு, முட்டி உள்ளே விழாமல் வர வேண்டும். ஒற்றைக் கால் குதிப்பு 16 செய்தால் அதில் குறைந்தது எட்டு, இடுப்பு சாயாமல் இருக்க வேண்டும். ஒரு பிருவெட் (ஒற்றைக் காலில் ஒரு சுற்று) சுத்தமாகச் சுழல வேண்டும். பாத வளைவு அழகாக இருப்பது மட்டும் தகுதியாகாது. ரொம்பவும் வளையும் கணுக்கால்தான் ஷூவுக்குள் முன்னே கவிழும். அந்தப் பிள்ளைக்கு முதலில் பலம் சேர்க்க வேண்டும்.

ஒரு ஆதங்கம். "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் பழக்கத்தைப் பள்ளிச் சீருடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாயின்ட் ஷூவின் முனை, துணியும் காகிதமும் பசையும் அடுக்கிச் செய்த பெட்டி. அது விரல்களைச் சுற்றிலும் பிடித்தால்தான் எடை பகிரும். தளர்ந்தால் கால் உள்ளே இறங்கி, மொத்த எடையும் பெருவிரல் நகத்தில் விழும். நகம் கறுத்த பிறகு பஞ்சை அடைத்துப் பயனில்லை. இணையத்தில் எண் பார்த்து வாங்குவதும், அக்காவின் பழைய ஷூவைத் தருவதும் அதே தவறுதான். பணம் போகிறதே என்பது நியாயமான வருத்தம்தான், ஆனால் வேறு வழியில்லை.

எல்லா வலியும் வளர்ச்சி வலி அல்ல. விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே எலும்பில், குறிப்பாகப் பாத நடுவில் இரண்டாம் விரலின் நீளெலும்பு தொடங்கும் இடத்தில் வலித்தால், அது மயிரிழை எலும்பு விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே சரியாக இருக்கிறது" என்று விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். ஒரு காலைப் பின்னே உயர்த்தும் அராபெஸ்கில் முதுகை வளைக்கும்போது கீழ்முதுகு இரண்டு வாரத்துக்கு மேல் வலித்தாலும் அப்படியே.

கடைசியாக, வீட்டில் பேசத் தயங்கும் ஒன்று. மெலிவுக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் மெலியும். பாலே ஆடும் பெண்களிடம் இந்தத் தொடர்பு 1986 ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பிரிட்டனில் 800 மி.கி., அமெரிக்காவில் 1300 மி.கி. கால்சியம் பரிந்துரைக்கிறார்கள். 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ, வந்தது மூன்று மாதம் நின்றாலோ குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) போங்கள். வாரம் எத்தனை மணி நேரம் ஆடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி எடுத்துப்போங்கள்; பத்து நிமிடச் சந்திப்பில் அவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.